மெயிலில் திறந்த ஃபைல் எங்கே போச்சு? வீட்டுக் கம்ப்யூட்டரின் பொடக்காலியில் தேடும் வழி

ராத்திரி பத்தே முக்காலுக்கு ஃபோன். பக்கத்து வீதிப் பையன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.

"அண்ணா, தூங்கிட்டீங்ளா? மெயில்ல வந்த பேக்கிங் லிஸ்ட்டத் தொறந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து திருத்துனேனுங்க. சேவும் பண்ணுனேனுங்க. மூடிட்டு இப்பத் தொறந்தா பழசே வருதுங்கண்ணா."

"எதுல தொறந்தே?"

"லேப்டாப்லதானுங்க."

"அது தெரியுது கண்ணு. அவுட்லுக்லயா, குரோம்லயா, வாட்ஸாப்லயா?"

ஃபைலைக் காணோம் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஃபைல் பேரைத்தான் சொல்வார்கள். பேர் எனக்குப் பெரிதாக உதவாது. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று தெரிந்தால், எங்கே கிடக்கும் என்பதை முக்கால்வாசி சொல்லிவிடலாம். மெயிலில் வந்த அட்டாச்மென்ட்டுக்கு 'ஓப்பன்' கொடுத்த நொடியில் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நகல் எடுத்து, டிஸ்க்கில் ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் திறக்கிறது. அந்த இடத்தை நீங்கள் காட்டவில்லை, திறந்த சாஃப்ட்வேரே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மூலை. எங்கள் கொங்கு நாட்டு வீடுகளில் வாசலும் ஆசாரமும் (முன்கூடம்) வந்தவர் கண்ணுக்குப் படும், பொடக்காலி (கொல்லைப்புறம்) படாது. 'டவுன்லோட்ஸ்' வாசல் மாதிரி. நாம் தேடப்போவது பொடக்காலியில்.

கீழே விண்டோஸ் 10, 11 இரண்டையும் வைத்தே சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை பாதி வீட்டில் அதுதான் இன்னும் ஓடுகிறது. டைப் பண்ண வேண்டியதை எல்லாம் கஸ்டமருக்கு ஃபோனில் சொல்கிற மாதிரியே எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன். நீங்கள் கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

தேடும் முன்னால்

கையை வைக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. ஃபைல் தொலைந்த பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். 'கிளீனர்' என்று பேர் வைத்துக்கொண்டு திரிகிற எந்த சாஃப்ட்வேரையும் ஓட்டாதீர்கள். அது முதலில் துடைப்பதே நாம் தேடப்போகும் இடத்தைத்தான். புதிதாக எதையும் டவுன்லோட் செய்யவும் வேண்டாம்.

ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேபை அழுத்திப் பாருங்கள். சில நேரம் அந்த ஃபைல் வேறொரு விண்டோவுக்குப் பின்னால் திறந்தபடியே இருக்கும். இருந்தால் அதிர்ஷ்டம். எஃப் 12 அழுத்தினால் 'சேவ் ஆஸ்' வரும். டெஸ்க்டாப்பைக் காட்டி சேவ் செய்துவிட்டு, இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம்.

இன்னொன்று: திருத்திய பிறகு அதை யாருக்காவது அனுப்பினீர்களா? மெயிலின் 'சென்ட்' பெட்டியைப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் பார்த்ததில் பல 'காணாமல் போன' ஃபைல்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தன.

தொலைந்தது திருத்திய பிரதியா, மெயிலில் வந்த மூலமா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மூலம் என்றால் பதற வேண்டாம், மெயிலை அழிக்காத வரை அது மெயிலிலேயே இருக்கும். ஜிமெயிலில் மேலே தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் கோடு கோடாக ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் 'ஹேஸ் அட்டாச்மென்ட்' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டு, அனுப்பியவர் பேரையும் தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். அதே இடத்தில் 'மெயில் அண்ட் ஸ்பாம் அண்ட் ட்ராஷ்' என்று தேர்ந்தெடுத்தால் குப்பையையும் சேர்த்துத் தேடும். ட்ராஷுக்குப் போனது 30 நாள்தான் இருக்கும்.

முதல் படி: திறந்தவனையே கேளுங்கள்

மறைந்த ஃபோல்டர்களுக்குள் புகும் முன்னால், எக்செல் அல்லது வேர்டைத் திறந்து 'ஃபைல்', 'ஓப்பன்', 'ரீசன்ட்' என்று போங்கள். கடைசியாகத் திறந்த ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பேருக்கும் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும் இடமும் இருக்கும். நாம் பேரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சின்ன எழுத்துதான் முகவரி. ரைட் கிளிக் செய்தால் அந்த முகவரியை அப்படியே காப்பி செய்யவும் வசதி உண்டு.

பிடிஎஃப், படம் என்றால் விண்டோஸையே கேட்கலாம். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஆர். இடது கீழ் மூலையில் 'ரன்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'ஷெல்' (எஸ், எச், இ, எல், எல்), உடனே கோலன் (மேலும் கீழும் ரெண்டு புள்ளி), இடைவெளி விடாமல் 'ரீசன்ட்' (ஆர், இ, சி, இ, என், டி). என்டர். நீங்கள் திறந்ததற்கெல்லாம் ஒரு ஷார்ட்கட் அங்கே கிடக்கும். உங்கள் ஃபைல் பேர் உள்ளதை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் 'டார்கெட்' என்ற கட்டத்தில் முழு முகவரி. ஃபைல் போய்விட்டிருந்தாலும் அது கடைசியாக எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பையனுக்கு ஃபோனில் இந்த இடம் வரைக்கும்தான் சொன்னேன். எக்செல் ரீசன்ட் வரிசையில் மேலேயே இருந்தது: 'காப்பி ஆஃப் பேக்கிங் லிஸ்ட்'. முகவரியின் கடைசியில் 'கன்டென்ட் டாட் அவுட்லுக்'. நடந்தது இதுதான். மெயிலிலிருந்து திறந்த ஃபைலை எக்செல் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறந்திருக்கிறது. கன்ட்ரோல் எஸ் அடித்ததும், "இதில் சேவ் ஆகாது, நகலாக வைக்கிறேன்" என்று பெட்டி காட்டியிருக்கிறது. பையன் படிக்காமல் என்டர், என்டர். நகல் அவுட்லுக்கின் மறைவிடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் படி: மறைந்ததைக் கண்ணுக்குக் கொண்டுவருதல்

'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்', அந்த மஞ்சள் ஃபோல்டர் படம், அதைத் திறங்கள். விண்டோஸ் 11-ல் மேலே 'வியூ', அதில் கடைசியாக 'ஷோ', அதில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்'. விண்டோஸ் 10-ல் 'வியூ' டேபிலேயே அதே பேரில் ஒரு கட்டம். டிக் போட்டதும் சில ஃபோல்டர்கள் வெளிறிய நிறத்தில் தெரியும். 'ஆப் டேட்டா' என்பது அப்படித்தான் தெரியும். சி டிரைவில் 'யூசர்ஸ்', அதில் உங்கள் பேர், அதற்குள்.

பக்கத்திலேயே 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இருக்கும். அதிலும் டிக் போட்டு, நிரந்தரமாக விட்டுவிடுங்கள். வால் பேர் (ஃபைல் பேரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது) தெரியாவிட்டால் 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் ஈஎக்ஸ்இ' என்ற திருட்டு ஃபைல் 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்' என்று மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். பேமென்ட் அட்வைஸ் என்று வரும் மெயிலை அவசரமாகத் திறக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

டிக் போட்ட பிறகும் சில ஃபோல்டர்கள் தெரியாது. விண்டோஸ் தன் சொந்தப் பொருள் என்று தனியாகப் பூட்டி வைத்தவை அவை. அதையும் திறந்துகாட்ட 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஹைட் ப்ரொடக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுக்கச் சொல்வார்கள். நான் எடுக்கச் சொல்வதில்லை. எடுத்துவிட்டு மறந்து, தெரிகிற ஃபைல்களைக் 'குப்பை' என்று வீட்டில் யாராவது அழிப்பார்கள். முகவரியை நேராக டைப் செய்தாலே உள்ளே போய்விடலாம். அதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: அவுட்லுக்கின் ரகசிய அறை

பழைய வகை அவுட்லுக், அதாவது ஆபீஸோடு சேர்ந்து இன்ஸ்டால் ஆகிற டெஸ்க்டாப் அவுட்லுக், அட்டாச்மென்ட்டைத் திறக்கும்போது நகலை வைப்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறது. வழி இது: விண்டோஸ் கீ, ஆர். பெட்டியில் பர்சென்ட் குறி (ஷிஃப்ட்டோடு 5). பிறகு இடைவெளி இல்லாமல் 'லோக்கல்ஆப்டேட்டா': எல், ஓ, சி, ஏ, எல், ஏ, பி, பி, டி, ஏ, டி, ஏ. மறுபடி பர்சென்ட். என்டர் அடித்தால் 'லோக்கல்' ஃபோல்டர் திறக்கும். அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஐநெட்கேஷ்' (ஐ, என், இ, டி, சி, ஏ, சி, எச், இ). இந்த ஐநெட்கேஷ்தான் பல கம்ப்யூட்டர்களில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் மேலே உள்ள முகவரிப் பட்டையில் கிளிக் செய்து, இருக்கிற முகவரிக்குப் பின்னால் பின்சாய்கோடு (பேக்ஸ்லாஷ்) போட்டு அந்தப் பேரை டைப் செய்து என்டர். பிறகு அதே மாதிரி 'கன்டென்ட் டாட் அவுட்லுக்'. நடுவில் உள்ளது புள்ளி, ஸ்பேஸ் இல்லை.

அங்கே எழுத்தும் எண்ணுமாகக் கலந்த எட்டு எழுத்துப் பேரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அர்த்தமில்லாத பேர், ஆளுக்கு ஆள் மாறும். வெளியாள் ஊகிக்கக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

பேரே கிடைக்கவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில், பார்க்கலாம். ரன் பெட்டியில் 'ரெஜ்எடிட்' (ஆர், இ, ஜி, இ, டி, ஐ, டி). இடது பக்கம் 'எச்கீ கரன்ட் யூசர்', 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'ஆபீஸ்', '16.0', 'அவுட்லுக்', 'செக்யூரிட்டி' என்று வரிசையாகத் திறந்துகொண்டே போங்கள். 16.0 என்பது ஆபீஸ் 2016-லிருந்து இன்றைய 365 வரைக்கும் ஒரே எண்தான். 2013 என்றால் 15.0, 2010 என்றால் 14.0. வலது பக்கம் 'அவுட்லுக் செக்யூர் டெம்ப் ஃபோல்டர்' என்ற வரியில் முழு முகவரியும் இருக்கும். டபுள் கிளிக் செய்து காப்பி மட்டும் பண்ணிக்கொண்டு வெளியே வாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் எதையும் மாற்றாதீர்கள். பாம்புப் புற்றுப் பக்கம் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற மாதிரிதான் அங்கே போய்வர வேண்டும்.

உள்ளே போனதும் 'டீட்டெய்ல்ஸ்' வியூ வைத்து, 'டேட் மாடிஃபைடு' தலைப்பில் கிளிக் செய்யுங்கள். புதியது மேலே வரும். பையனின் லேப்டாப்பை மறுநாள் நானே பார்த்தேன். 'பேக்கிங் லிஸ்ட்', 'பேக்கிங் லிஸ்ட் 002', '003' என்று ஒரே பேரில் பல நகல். நடுவில், ஆர்டர் கொடுக்கிற பையர் ஒருவரின் மெஷர்மென்ட் சார்ட். யாரோ ஒருவரின் பான் கார்டு ஸ்கேன். ரெண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட். அவன் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் நான் சேவே பண்ணலீங்கண்ணா!" பண்ணவில்லைதான். திறந்து பார்த்தான், அவ்வளவே.

ஏன் தங்குகிறது? அட்டாச்மென்ட்டை மூடும்போது அவுட்லுக் தான் வைத்த நகலைத் தானே அழித்துவிடும். ஆனால் அட்டாச்மென்ட் திறந்திருக்கும்போதே மெயிலையோ அவுட்லுக்கையோ மூடிவிட்டால், அல்லது கரன்ட் போய் சிஸ்டம் அணைந்துவிட்டால், அழிக்க ஆள் இல்லாமல் நகல் அங்கேயே கிடக்கும். நீங்களே வேறு பேரில் அங்கே சேவ் செய்ததை அது தொடவே தொடாது. அதனால்தான் 'காப்பி ஆஃப்' பிழைத்தது. பழைய அவுட்லுக்கில் ஒரே பேரில் நகல்கள் நூறை நெருங்கிவிட்டால், இனி ஃபைல் உருவாக்க முடியாது என்று அட்டாச்மென்ட்டைத் திறக்கவே மறுக்கும். தினமும் அதே பேரில் ரிப்போர்ட் வருகிற இடங்களில் இதைப் பார்க்கலாம். மருந்து ஒன்றுதான், அவுட்லுக்கை மூடிவிட்டு அந்த அறையைக் காலி செய்வது.

கிடைத்த ஃபைலை அங்கேயே திறந்து பார்க்காதீர்கள். முதலில் காப்பி செய்து 'டாகுமென்ட்ஸ்' உள்ளே போடுங்கள், பிறகு அங்கிருந்து திறங்கள்.

நான்காம் படி: குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ்

பிரவுசரில் மெயில் பார்க்கிறவர்களுக்கு வேலை சுலபம். கன்ட்ரோலோடு ஜே. டவுன்லோட் ஆனதெல்லாம் வரும். குரோமிலும் எட்ஜிலும் 'ஃபோல்டரில் காட்டு' என்பதற்கு ஒரு ஃபோல்டர் சின்னம் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும்: 2022 மார்ச்சில் வந்த 98-ஆம் பதிப்புக்கு முன்னால், சேவ் செய்யாமல் 'ஓப்பன்' மட்டும் கொடுத்தால் நகல், தற்காலிக ஃபைல்கள் கிடக்கிற டெம்ப் ஃபோல்டருக்குப் போகும். அதற்குப் பிறகு டவுன்லோட்ஸுக்கே வருகிறது. பழைய சிஸ்டத்தில் தேடுகிறவர்கள் அடுத்த படியையும் பார்க்கணும்.

வால் பேர் 'சிஆர்டவுன்லோட்' என்றோ 'பார்ட்' என்றோ இருந்தால் அது பாதி இறங்கி நின்ற ஃபைல். பேரை மாற்றினால் முழுசாகாது. மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

ஜிமெயிலில் அட்டாச்மென்ட் மேலே கிளிக் செய்து பிரவுசருக்குள்ளேயே படித்துவிட்டு மூடினால், டவுன்லோட்ஸில் எதுவும் இருக்காது. அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம், மெயிலில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டா நகலையோ வில்லங்கச் சான்றையோ அரசு இணையதளத்தில் 'பார்த்தேன்' என்பவர்களில் பாதிப்பேர் இப்படிப் பார்த்தவர்கள்தான்.

ஐந்தாம் படி: டெம்ப்

விண்டோஸ் கீ, ஆர். பர்சென்ட் குறி, டி, இ, எம், பி, மறுபடி பர்சென்ட். என்டர். இதுதான் எல்லா சாஃப்ட்வேரும் கூட்டித் தள்ளுகிற இடம். ஆயிரக்கணக்கில் கிடக்கும், பாதிக்குப் பேரே புரியாது. பயப்படாமல் தேதி வாரியாக அடுக்குங்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தீர்கள் என்றால், ஆறு மணிப் பக்கம் கிடப்பதை மட்டும் பாருங்கள்.

இங்கே பெரும்பாலும் கிடைப்பது ஜிப்புக்குள் இருந்த ஃபைல்கள். பையர் டிசைனையெல்லாம் ஒரு ஜிப்பாக அனுப்புவார். நாம் அதைப் பிரிக்காமல் உள்ளேயே டபுள் கிளிக் செய்து திறப்போம், திருத்துவோம், சேவ் கொடுப்போம். அது ஜிப்புக்குள் போகும் என்று நினைப்பு. விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் உருவி டெம்ப்பில் வைத்துத்தான் திறந்திருக்கும். ஜிப்பின் பேருக்கு முன்னால் 'டெம்ப் 1' என்று ஒட்டிய ஃபோல்டரைத் தேடுங்கள். புதிய விண்டோஸ் 11-ல் நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு பேர் கூட வரும், ஆனாலும் ஜிப்பின் பேர் அதில் இருக்கும். செவன்-ஜிப்பில் திறந்திருந்தால் ஃபோல்டர் பேர் 7, இசட், ஓ என்று ஆரம்பிக்கும். வின்ரார் என்றால் ஆர், ஏ, ஆர் எழுத்துகளும் ஒரு டாலர் குறியும். செவன்-ஜிப்பும் வின்ராரும் மூடும்போது தம் டெம்ப்பைத் துடைத்துவிட்டுப் போகிறவை. அவற்றின் விண்டோ இன்னும் திறந்திருந்தால் மூடிவிடாமல் முதலில் டெம்ப்பைப் பாருங்கள்.

ஸ்கிரீன் பிரின்டிங் டிசைன் போடுகிற ஒரு தம்பிக்கு, கோரல்டிராவில் செய்த அரை நாள் வேலையை இந்த இடத்திலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து அவர் ஜிப்பைப் பிரிக்காமல் தொடுவதில்லை.

ஆறாம் படி: சேவே செய்யாமல் போனது

கரன்ட் கட். யுபிஎஸ் பேட்டரி படுத்துக்கொண்டது. எக்செல் திறந்தபடியே போய்விட்டது. இப்படியானால் எக்செல் அல்லது வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் வொர்க்புக்' (வேர்டில் 'மேனேஜ் டாகுமென்ட்'), அதில் 'ரெக்கவர் அன்சேவ்டு'. திறக்கும் ஃபோல்டரில் தேதியைப் பார்த்து எடுங்கள், உடனே வேறு இடத்தில் சேவ் செய்யுங்கள். அந்த ஃபோல்டரை நேராகவும் போய்ப் பார்க்கலாம்: மேலே சொன்ன 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'ஆபீஸ்', 'அன்சேவ்டு ஃபைல்ஸ்'. வேர்டுக்கு இன்னோர் இடமும் உண்டு. பர்சென்ட் ஆப்டேட்டா பர்சென்ட் அடித்தால் வரும் 'ரோமிங்' ஃபோல்டரில் 'மைக்ரோசாஃப்ட்', 'வேர்ட்'. அதில் வால் பேர் ஏ, எஸ், டி என்று உள்ளவை.

ஃபைல் இருந்த ஃபோல்டரிலேயே வளைந்த கோடும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய ஒரு ஃபைல் தெரிந்தால் ஆசைப்படாதீர்கள். அது 200 பைட் கூட இருக்காது. யார் இந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று குறித்துவைக்கிற சீட்டு மட்டுமே. உங்கள் எழுத்து ஒரு வரி கூட அதில் இல்லை.

மற்ற வாசல்கள்

தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு அட்டாச்மென்ட் தனி ஃபைலாகக் கிடைக்காது. மெயில்கள் எல்லாம் ஒரே பெரிய ஃபைலாக, அட்டாச்மென்ட் எழுத்தாக மாற்றப்பட்டு அதற்குள்ளேயே இருக்கும். அப்படி மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கவும் செய்யும். இடம் 'ரோமிங்', 'தண்டர்பேர்ட்', 'ப்ரொஃபைல்ஸ்'. இதில் ஒரு நல்லது உண்டு: மெயிலை அழித்தாலும், 'காம்பாக்ட்' (அழித்த மெயில்களை நிஜமாகவே நீக்கி ஃபைலைச் சுருக்கும் வேலை) ஓடும் வரைக்கும் அது அந்தப் பெரிய ஃபைலில் கிடக்கும். முக்கியமான மெயிலைத் தெரியாமல் அழித்துவிட்டால் உடனே தண்டர்பேர்டை மூடி அந்த ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

விண்டோஸ் 10-ல் இருந்த 'மெயில்' ஆப் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதில் பார்த்த பழைய அட்டாச்மென்ட்கள் 'லோக்கல்', 'பேக்கேஜஸ்' உள்ளே 'விண்டோஸ் கம்யூனிகேஷன்ஸ் ஆப்ஸ்' என்ற சொல் வருகிற ஃபோல்டரில், 'லோக்கல் ஸ்டேட்', 'ஃபைல்ஸ்' என்று போனால் கிடக்கலாம்.

ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட்டில் கொடுக்கிற சேமிப்பிடம், ஒரு தனித் தலைவலி. புதிய லேப்டாப்பில் முதல் நாள் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்தும்போதே பலருக்கு டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் மாறியிருக்கும். ஆகவே 'டாகுமென்ட்ஸ்' ரெண்டு இருக்கும், ஒன்றில் தேடி இல்லை என்று உட்கார்ந்திருப்போம். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்தால் புதியது ஏறாமல் நிற்கும். ஒன்டிரைவ் வெப்சைட்டில் அதற்கென்று தனி ரீசைக்கிள் பின் உண்டு. சொந்தக் கணக்கில் அழித்தது அங்கே 30 நாள் வரைக்கும் இருக்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் குறைவு. ஃபைண்டரில் 'கோ' மெனுவை ஆப்ஷன் கீயோடு திறந்தால் 'லைப்ரரி' தெரியும். 'கன்டெய்னர்ஸ்', 'மெயில்', 'டேட்டா', 'லைப்ரரி', 'மெயில் டவுன்லோட்ஸ்'. அவ்வளவுதான்.

எதில் திறந்தேன் என்றே நினைவில்லை என்றால்

தேதியை வைத்துத் தேடணும். சி டிரைவில் 'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பேர் உள்ள ஃபோல்டரில் நின்று, வலது மேல் தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று அடியுங்கள். ஸ்பேஸ் விட்டு 'டேட்மாடிஃபைடு' (ஒரே சொல்லாக), கோலன், 'டுடே'. இன்றைக்கு மாறிய எக்செல் ஃபைல்கள் வரும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் தன் தேடல் அட்டவணையில் 'ஆப் டேட்டா'வைச் சேர்ப்பதில்லை. ஸ்டார்ட் மெனுவில் தேடி வரவில்லை என்பதால் ஃபைல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 'ஆப் டேட்டா' உள்ளேயே போய் நின்றுகொண்டு இதே தேடலைச் செய்தால் நேரம் ஆகும், ஆனால் தேடும்.

அடிக்கடி இந்த வேலை வருகிறவர்கள் 'எவ்ரிதிங்' என்ற சின்ன இலவச சாஃப்ட்வேரை வைத்துக்கொள்ளலாம். மறைந்ததோ மறையாததோ, டிஸ்க்கில் உள்ள அத்தனை பேரையும் டைப் செய்யும்போதே காட்டும். இதை ஃபைல் தொலைவதற்கு முன்னால் போட்டு வையுங்கள், தொலைந்த பிறகு அல்ல. காரணம் அடுத்து வருகிறது.

அழிந்தே போயிருந்தால்

ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். கையால் அழித்தது அங்கே இருக்கும். அவுட்லுக் போன்றவை தாமாக அழித்தது அங்கே வராது, ஷிஃப்ட்டோடு டெலீட் அடித்ததும் வராது.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்த ஃபைலின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் எதையும் புதிதாக இறக்காதீர்கள் என்றேன். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்றால் 'டிரிம்' என்ற ஏற்பாடு அழிந்த இடங்களைப் பின்னணியில் துடைத்துவிடும். அங்கே மீட்பு என்பது குருட்டு நம்பிக்கை. கடையில் யாராவது உறுதி கொடுத்து முன்பணம் கேட்டால் யோசியுங்கள்.

முயன்று பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் இலவச 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' அவர்கள் ஸ்டோரில் இருக்கிறது. விண்டோஸ் 10-ன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து (அது வருடம் இல்லை) ஓடும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கணும்: டபிள்யூ, ஐ, என், எஃப், ஆர், ஸ்பேஸ், சி, கோலன், ஸ்பேஸ், ஈ, கோலன், ஸ்பேஸ், சாய்கோடு, 'ரெகுலர்', ஸ்பேஸ், சாய்கோடு, என், ஸ்பேஸ், நட்சத்திரம், புள்ளி, எக்ஸ்எல்எஸ்எக்ஸ். சி என்பது தொலைந்த டிரைவ். ஈ என்பது மீட்டதை வைக்கிற பென் டிரைவ். இரண்டும் ஒரே டிரைவாக இருந்தால் ஒப்புக்கொள்ளாது, அது நல்லதுக்குத்தான்.

கிடைத்த பிறகு: கூட்டிப் பெருக்குவது

தேடி எடுத்தாயிற்று. மற்றதெல்லாம் அங்கே கிடக்கட்டும் என்று விடாதீர்கள். உங்களுக்கு வழி தெரிந்த மாதிரி, கம்ப்யூட்டரை சர்வீஸுக்கு வாங்குகிறவருக்கும் தெரியும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பார்கள். பேரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்ட். அது ரெண்டும் பக்கத்து ஃபைலான பான் கார்டிலேயே இருக்கும்.

அவுட்லுக், ஆபீஸ், பிரவுசர் எல்லாவற்றையும் மூடுங்கள். எட்டு எழுத்து அறைக்குள் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழியுங்கள், அறையை விட்டுவிடுங்கள். டெம்ப்பிலும் அதே. 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்வதை 'ஸ்கிப்' கொடுங்கள். கடைசியில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள்.

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று விண்டோஸே ஒரு வழி வைத்திருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கிறது. அதில் டிக் விழுந்தால் டவுன்லோட்ஸ் முழுவதும், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல், காலி. எனக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்துமே, பெரியப்பா லேப்டாப்பில் இடம் இல்லை என்று அவசரத்தில் எல்லா டிக்கையும் போட்டு 'ரிமூவ்' அழுத்தினேன். பாகப்பிரிவினைப் பத்திரம் முழுக்க ஸ்கேன் செய்து அவர் டவுன்லோட்ஸில்தான் வைத்திருந்தார். "ஏஞ்சாமி, அது டெம்பரரியாடா?" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. காங்கயம் போய் ஜெராக்ஸ் கடையில் அத்தனை பக்கத்தையும் மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தேன், என் காசில்.

அதே பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று ஒன்று இருக்கும். டிஸ்க்கில் இடம் குறையும்போது அது தானே டெம்ப்பைத் துடைக்கும். ஆன் செய்து வைக்கலாம். அதற்குள் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் மட்டும் 'நெவர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பை விற்கவோ, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கவோ போகிறீர்கள் என்றால் ஃபோல்டர் ஃபோல்டராக அழித்துப் பிரயோஜனம் இல்லை. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' (விண்டோஸ் 10-ல் 'ரெக்கவரி' இருப்பது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' உள்ளே). அடுத்து 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்னதாக இருக்கும். அதை அழுத்தி 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள், அது தானாக ஆன் ஆகாது. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் பல மணி நேரம் ஓடும். மழைக்காலத்தில் வேண்டாம்; கரன்ட் நிற்காத ஒரு ராத்திரியாகப் பார்த்து, சார்ஜரைச் செருகிவிட்டுப் படுக்கப் போங்கள்.